ஒத்த வரிக்காரி ஞானவடிவு

வெகு காலத்துக்கு முந்தி, தேரிக்காட்டுச் செம்மணல் காத்துல நகர்ந்து நகர்ந்து வீட்டையும் விளையையும் மூடிக்கிட்டு இருந்த நாளுல, குட்டைப்பனை விளைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். எந்த ஊரு? இப்ப நாம இருக்கமே, இதே ஊருதான். அப்ப நாப்பது வீடு. நாப்பதும் ஓலை வீடு. நடுவுல ஓலைக் கோயில் ஒண்ணு. கோயில்னா நம்ம வேதக் கோயில், ஏசுசாமி கோயில். ஊரு வேதத்துக்கு வந்து ஒரு தலைமுறைகூட ஆவல. அந்த ஊர்ல ஞானவடிவு, ஞானவடிவுன்னு ஒருத்தி இருந்தாளாம்.

நான் கண்டேனா? நான் காணல. கண்டவங்க சொன்னதைக் கேட்டவங்க எனக்குச் சொன்னது. கூட்டிச் சொல்லுத ஆளு நான் இல்ல. சில பேரு இந்தக் கதையைச் சொல்லும்போது வானத்துல இருந்து தூதன் வந்தான், வெளிச்சம் வந்துச்சும்பாவ. ஒரு தூதனும் வரல. வந்திருந்தா இந்தக் கதையே இருந்திருக்காது.

ஞானவடிவு புருஷன் பனையேறி. ஒரு சித்திரை மாசம், காத்தடிச்ச நாள்ல, பனை உச்சாணியில இருந்து விழுந்து அங்கனயே போய்ச் சேர்ந்துட்டான். அவன் போன பெறவு அவளுக்கு மிச்சம் ஒரே ஒரு பொட்டப் பிள்ளை. லேயாள்னு பேரு. ஏழு வயசு. ஞானவடிவு ஓலைப் பெட்டி முடைவா. பதநீர்க் காலம் வந்தா அடுத்தவங்க விடிலியில, அதான் பதநீர் காய்ச்சுத குடிசையில, கருப்பட்டி காய்ச்சப் போவா. அவ எங்க போனாலும் லேயாள் பின்னாலயே போவும். போவும்போதும் பாட்டு. வரும்போதும் பாட்டு. அந்தப் பிள்ளைக்குப் பாட்டுன்னா அப்படி ஒரு கிறுக்கு.

தாய்க்குப் பாட்டு வராது. சுத்தமா வராது. குரல் கரகரன்னு இருக்கும், ராகம் ஒரு பக்கம் போனா இவ ஒரு பக்கம் போவா. கோயில்ல எல்லாரும் பாடும்போது வாயை மட்டும் அசைச்சுக்கிட்டு நிப்பாளாம். பக்கத்து வீட்டு அருளாயி கேலி பண்ணுவாளாம், "என்னக்கா, சாமிக்குக் காது கேக்காதுன்னு வாயைக் காட்டுதியா?"ன்னு. "எனக்கெதுக்குடி ராகம்? எனக்கும் சேர்த்து எம்மவ பாடுதா"ம்பாளாம் இவ.

அந்தக் காலத்துல இந்த ஊர்ல ஒருத்தருக்கும் எழுத்து தெரியாது, பார்த்துக்கிடுங்க. பாட்டுப் புஸ்தகம் ஒண்ணே ஒண்ணு. அது உபதேசியார் கையில இருக்கும். உபதேசியார் பேரு மாசிலாமணி. அவரு குடியிருந்தது இங்க இல்ல. தேரிக்கு அந்தப் பக்கம், ரெண்டு மைல் தள்ளி, நல்வாக்குபுரத்துல. நாலு ஊருக்கு ஒரு உபதேசியார். ஞாயித்துக்கிழமை தோறும் மணல்ல நடந்து வருவாரு, ஆராதனை நடத்துவாரு, போவாரு. புதுப் பாட்டு சொல்லிக் குடுத்தா ஒரு ஞாயித்துக்கிழமைக்கு ஒரு வரிதான். ஒரே நாள்ல பாட்டைப் பூராவும் குடுத்தா ஜனம் கலந்துகட்டிப் பாடிரும்னு அவருக்குப் பயம். அவரு வரியைச் சொல்லுவாரு, ஜனம் பாடும். அவரு சொல்லுவாரு, ஜனம் பாடும். ஒரு வாரம் பூரா அந்த ஒத்த வரியைப் பனையிலயும் விடிலியிலயும் பாடிப் பழகணும். அடுத்த வாரம் அடுத்த வரி. "வேதப் பாட்டுல ஒரு எழுத்தைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. புரியுதா?"ம்பாரு. புரியுதுன்னு ஊரே தலையை ஆட்டும்.

அப்படி ஒரு கோடையில, ஒரு ஞாயித்துக்கிழமை, புதுப் பாட்டு ஒண்ணு கொண்டாந்தாரு. முதல் வரியைச் சொன்னாரு.

"ஆழத் தண்ணீரிலே ஆருமற்று நிற்கையிலே..."

அவ்வளவுதான் அன்னைக்கு. ஜனம் பாடிச்சு, கலைஞ்சு போச்சு. லேயாள் போவல. உபதேசியார் புஸ்தகத்தைத் துணியில சுத்திக்கிட்டு இருக்காரு, இது போயி முன்னால நிக்கி.

"ஐயா, நிற்கையிலே என்ன ஐயா?"

உபதேசியாருக்குச் சிரிப்பாணி வந்துட்டு. "வார ஞாயித்துக்கிழமை சொல்லுவேன் பிள்ளே. அவசரப்படப்படாது."

"இப்பமே சொல்லிருங்களேன்."

"உனக்குச் சொன்னா ஊருக்குச் சொல்லணும். போ, போ. முதல் வரியை ஒழுங்காப் பாடு."

நல்ல மனுஷன்தான் அவரு. அன்னைக்குச் சொல்லிருந்தா என்ன குறைஞ்சா போயிருக்கும்? யாருக்குத் தெரியும், அடுத்த ஞாயித்துக்கிழமை வராதுன்னு.

புதன்கிழமை ஊருக்குள்ள பேதி வந்துட்டு. வாந்திபேதி. இப்ப உள்ள ஆளுகளுக்கு அது என்னன்னு தெரியாது. காலையில கிணத்துல தண்ணி இறைச்சவ சாயங்காலம் இல்ல. புதன்கிழமை ரெண்டு பேரு, வியாழக்கிழமை ஏழு பேருன்னு சொல்லுவாவ. பெறவு எண்ணுதவங்களே இல்ல. ஒரு வீட்டு ஆளு அடுத்த வீட்டுக்குள்ள காலை வைக்காது. வீட்டு வாசல்ல கருவேல முள்ளை வெட்டிப் போட்டுக்கிட்டு உள்ளேயே கிடந்தாவளாம். ஞாயித்துக்கிழமை வந்துச்சு. கோயில் பூட்டிக் கிடந்துச்சு. அடுத்த வரி வரல. அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமையும் வந்துச்சு. அன்னைக்கும் வரல.

மூணாவது வாரம் செவ்வாக்கிழமை காலையில லேயாளுக்கு வந்துட்டு.

ஞானவடிவு என்ன செய்வா? கஞ்சித் தண்ணி குடுத்தா, நிக்கல. சுக்குத் தட்டிப் போட்டுக் குடுத்தா, நிக்கல. ஓமத்தண்ணி குடுத்தா, அதுவும் நிக்கல. சுடுமணலை முந்தியில முடிஞ்சு வயித்துக்கு ஒத்தடம் குடுத்தா. பிள்ளைக்குக் கண்ணு உள்ள போயிட்டு, கை காலு ஓலை மாதிரிச் சுருங்கிட்டு. நாட்டு வைத்தியர் அதுக்கு முந்தின வாரமே செத்துட்டாரு. முழங்காப் போட்டு ஜெபம் பண்ணுனா. "ஏசப்பா, இதை மட்டும் விட்டுரும். வேற எதுவும் நான் கேக்க மாட்டேன்"னு சொன்னா. சொல்லிப் பார்த்தா, பிள்ளை அப்படியேதான் கெடக்கு.

அப்ப லேயாள் சொல்லுது, "எம்மா, பாடு."

"எனக்குப் பாட வராதே, ராசாத்தி."

"பாடும்மா. எனக்குத் தொண்டை வரல. நீ பாடு."

சரின்னு பாடுனா. பெரிய கீர்த்தனையில இருந்து ஒண்ணு பாடுனா. "அது வேண்டாம்"னுச்சு. வேற ஒண்ணு பாடுனா. "அதும் வேண்டாம். புதுசு பாடு"ன்னுச்சு. புதுசுன்னா எது? அந்த ஒத்த வரிதான். ஞானவடிவு கரகரத்த குரல்ல பாடுனா.

"ஆழத் தண்ணீரிலே ஆருமற்று நிற்கையிலே..."

பிள்ளை கண்ணை மூடிக் கேட்டுச்சு. பெறவு கேட்டுச்சு, "நிற்கையிலே என்னம்மா?"

"அது அடுத்த வாரம் சொல்லுவாவ, மக்கா."

"இப்பச் சொல்லும்மா. நிற்கையிலே என்ன?"

ஞானவடிவு பாவம், தானாக் கட்டிப் பார்த்தா. "நிற்கையிலே, ஏசுசாமி வந்திருவாரு"ன்னா. பிள்ளை தலையை ஆட்டிட்டு. "அது நீயாச் சொல்லுத. உபதேசியார் சொல்லுததைச் சொல்லு." அந்தப் பிள்ளைக்கும் கூட்டப்படாது, குறைக்கப்படாதுன்னு சொல்லித்தானே வளர்த்திருக்கு. உடம்புல தண்ணியில்லாமக் கெடக்கு, அப்பமும் அதை விடல. "நிற்கையிலே என்னம்மா, நிற்கையிலே என்னம்மா"ன்னு அதையே கேட்டுக்கிட்டு இருந்துச்சாம்.

ஞானவடிவு எந்திரிச்சா.

இங்கனதான் ஜனங்க அவளை ஏசுவாவ. சாவக் கெடக்குத பிள்ளையை விட்டுட்டு ஒரு தாய் எந்திரிச்சுப் போவாளான்னு கேப்பாவ. நான் ஏச மாட்டேன். காலையில இருந்து அவ கையில இருந்தது ஒண்ணும் உதவல. மருந்து உதவல, மணல் உதவல, ஜெபம் உதவல. பிள்ளை கேட்டதுல ஒண்ணே ஒண்ணுதான் இந்த உலகத்துல கிடைக்கக்கூடியது. அது ரெண்டு மைல்ல ஒரு புஸ்தகத்துல இருக்கு. ஒண்ணும் செய்ய முடியாம உக்காந்திருக்கவளுக்குச் செய்யுததுக்கு ஒண்ணு கிடைச்சா ஓடத்தானே செய்வா? நீங்க ஓட மாட்டியளா? நான் ஓடியிருப்பேன்.

"ஏளா, இந்தா வந்துருதேன். கேட்டுக்கிட்டு வந்துருதேன்"னு சொல்லிட்டு, பக்கத்து வேலிக்கு வந்து, "ஏ அருளாயி, ஒரு எட்டு வந்து பிள்ளையைப் பார்த்துக்கோ"ன்னு கத்திட்டு ஓடுனா.

உச்சி வெயிலு. தேரி மணலு அடுப்புல போட்ட மாதிரிக் கொதிக்கி. செருப்பு ஏது? மணல்ல ஒரு அடி வச்சா அரை அடி பின்னால இழுக்கும். விழுந்தா, எந்திரிச்சா, ஓடுனா. விழுந்தா, எந்திரிச்சா, ஓடுனா. நல்வாக்குபுரத்துல உபதேசியார் வீட்ல ஆளில்ல. கல்லறைத் தோட்டத்துல இருக்காருன்னாவ. அங்க ஓடுனா. குழி தோண்ட ஆம்பளை ஆளு மிச்சமில்லாம, உபதேசியாரே இடுப்பளவு குழிக்குள்ள நின்னு மண்வெட்டி போட்டுக்கிட்டு இருக்காரு. இவளைப் பார்த்ததும் அவரு மூஞ்சி செத்துப் போச்சு.

"யாருக்கும்மா குழி?"

"குழி இல்ல ஐயா. வரி. அந்தப் புதுப் பாட்டுல அடுத்த வரி என்ன ஐயா? எம்பிள்ளை கேக்கா."

உபதேசியார் அப்படியே மண்வெட்டியை ஊனிக்கிட்டு நின்னாராம். ரெண்டு வாரமா ஜனம் அவர்கிட்ட குழியும் கோடித்துணியும்தான் கேட்டிருக்கு. ஒருத்தி வந்து பாட்டு கேக்கா. மனுஷனுக்குக் கண்ணு நிறைஞ்சுட்டு. குழிக்குள்ள நின்னுக்கிட்டே சொல்லிக் குடுத்தாரு.

"அகலாமல் எனதருகே அமர்ந்திருப்பீர் நாதா."

ஞானவடிவு திருப்பிச் சொன்னா. ராகம் தப்பு. "இல்லம்மா, 'அகலாமல்'ங்கது மேல போவணும். மறுபடியும் சொல்லு"ன்னாரு. மறுபடியும் சொன்னா. இன்னும் தப்பு. "இன்னொரு தரம்"னாரு. அவருக்கு அன்னைக்கு அது ஒரு ஆறுதல். அந்தச் சாவுக்கு நடுவுல பாட்டு சொல்லிக் குடுக்குதது அவருக்கு ஒரு ஆறுதல். மூணு தரம் சொல்ல வச்சாரு. மூணாவது தரம் சரியா வந்துட்டு. "நல்லது, ஓடு"ன்னாரு.

ஓடுனா. வரி மறந்துரக் கூடாதேன்னு வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு ஓடுனா. அகலாமல் எனதருகே, அகலாமல் எனதருகே. சொல்லிக்கிட்டு ஓடுனாளே ஒழிய, வரி என்ன சொல்லுதுன்னு அவ காதுல விழல.

வேலியோரம் அருளாயி நிக்கா. முந்தியால வாயைப் பொத்திக்கிட்டு நிக்கா. ஞானவடிவு அவளைத் தாண்டி உள்ள போனா. பாயில பிள்ளை கெடக்கு. மூஞ்சி வாசல் பக்கம் திரும்பிக் கெடக்கு. உடம்புல சூடு இன்னும் ஆறல. மூச்சு மட்டும் இல்ல.

வெகு நேரம் கழிச்சு வெளிய வந்து கேட்டா, "நீ உள்ள போனியா அருளாயி?"

"போவலக்கா." அருளாயி அழுதா. "எனக்கும் மூணு பிள்ளை இருக்கேக்கா. வேலியில நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். எம்மா எங்கன்னு கேட்டா. இந்தா வந்துருவா மக்கான்னு சொன்னேன். பெறவு அந்த வரியைப் பாடுனா. குரல் இல்ல, காத்து மாதிரித்தான் வந்துச்சு. நிற்கையிலே, நிற்கையிலேன்னு ரெண்டு தரம். பெறவு சத்தமில்ல."

ஞானவடிவு "சரி"ன்னா. உள்ள போயி, பிள்ளை பக்கத்துல உக்காந்து, வாங்கிட்டு வந்த வரியைச் சொல்லப் போனா. அப்பத்தான் அந்த வரி அவ காதுல விழுந்துச்சு. அகலாமல் எனதருகே அமர்ந்திருப்பீர். அகன்று போனது யாரு? அமர்ந்திருக்காதது யாரு? வாயைத் திறந்தா, வரி வரல. கொண்டுவந்த வரி வாசல் வரைக்கும் வந்து நின்னுட்டு.

மறுநாள் உபதேசியார் அடக்கத்துக்கு வந்தாரு. அவரும் ஞானவடிவும் குழியும்தான். வேற ஆளில்ல. அவரு அந்தப் பாட்டை எடுத்தாரு. முதல் வரி பாடுனாரு. அடுத்த வரிக்கு வாயைத் திறக்கும்போது, ஞானவடிவு எட்டி அவரு வாயைப் பொத்திட்டா. உபதேசியார் வாயை ஒரு பொம்பளை கையால பொத்துதது அந்தக் காலத்துல எவ்வளவு பெரிய காரியம்னு யோசிச்சுக்கிடுங்க. "அதைப் பாடாதீங்க ஐயா. அது எம்பிள்ளைக்குக் கிடைக்கல"ன்னா. என்ன நடந்துச்சுன்னு அவரு கேட்டாரு. இவ சொன்னா. மூணு தரம்ங்கது அப்பத்தான் அவருக்கு உறைச்சுச்சு. மனுஷன் மணல்ல உக்காந்துட்டாராம்.

அதுக்குப் பெறவு நாலாம் நாளு அருளாயி விழுந்தா.

அருளாயி புருஷன் மூணு பிள்ளைகளையும் தூக்கிக்கிட்டுத் தேரிக்கு அந்தாண்டை போயிட்டான். அவனைக் குத்தம் சொல்ல முடியுமா? பிள்ளைகளைக் காப்பாத்தணுமே. அருளாயி ஒத்தையில கெடக்கா. வாசல்ல கருவேல முள்ளு கெடக்கு. ஞானவடிவு முள்ளைக் காலால தள்ளிட்டு உள்ள போனா.

அருளாயி மிரண்டு பார்த்தா. "என்னை ஏசுததுக்கு வந்தியாக்கா?"

"இல்லடி."

"உனக்கும் ஒட்டிக்கிடுமேக்கா. போயிரு."

"நான் போவ மாட்டேன்"னு சொல்லிட்டுத் தலைமாட்டுல உக்காந்து, அவ கையைப் பிடிச்சுக்கிட்டா. பிடிச்சுக்கிட்டு என்ன செய்ய? மருந்து தெரியாது. வேத வசனம் வாசிக்கத் தெரியாது. தெரிஞ்சது ஒத்த வரி. அதைப் பாடுனா. கோயில்ல வாயை மட்டும் அசைச்சவ, அன்னைக்குச் சத்தம் விட்டுப் பாடுனா. ராகம் கோணலாத்தான் போச்சு. பாடி முடிச்சதும் மறுபடியும் அதையே பாடுனா. அடுத்த வரிக்குப் போவல. பகல் பூரா பாடுனா, விடியுத வரைக்கும் பாடுனா. தண்ணி குடிக்க எந்திரிக்கல. வேற எதுக்கும் எந்திரிக்கல. உக்காந்த இடத்துலயே இருந்தா, அவ்வளவுதான் சொல்லுவேன். காலையில அருளாயி போயிட்டா. போவும்போது ஞானவடிவு கை அவ கைக்குள்ள இருந்துச்சாம்.

அன்னைக்குத் தொட்டு அதுதான் அவ வேலையாப் போச்சு. யாரும் அவளைக் கூப்பிடல, நியமிக்கல. எந்த வீட்ல முனகல் கேக்கோ அந்த வீட்டுக்குள்ள போவா, தலைமாட்டுல உக்காருவா, ஒத்த வரியைப் பாடுவா. நோய் அடங்குன பெறவு மத்த ஊர்ல இருந்தும் ஆளு வர ஆரம்பிச்சிட்டு. பிரசவத்துல போறவ, மரத்துல இருந்து விழுந்தவன், வயசாகிக் கெடக்குதவங்க. "ஒத்த வரிக்காரியைக் கூப்பிடுங்க"ம்பாவ. பெட்டி முடையுத ஓலையை அப்படியே போட்டுட்டுப் போவா.

ஒரு வீட்ல ஒருத்தன் கேட்டானாம், "நீ பாடுனா எங்கம்மா பிழைச்சுக்கிடுவாளா?"ன்னு.

"அது எனக்குத் தெரியாதுப்பா. நான் எந்திரிச்சுப் போவ மாட்டேன். அது மட்டுந்தான் தெரியும்"னாளாம்.

பிழைச்சாவளா? பெரும்பாலும் பிழைக்கல. பிழைச்சவங்க அவ பாடாட்டாலும் பிழைச்சிருப்பாவ. ஒரு கிழவர் மட்டும் ஒன்பது நாள் பாடியும் சாகாம, பத்தாம் நாள் எந்திரிச்சு உக்காந்து, "ஏ பிள்ளே, உன் ராகத்தைத் தாங்க முடியாமத்தான் எந்திரிச்சேன். போயி உங்க வீட்டு வேலையைப் பாரு"ன்னாராம். அதை வச்சு அற்புதம், அதிசயம்னு கதை கட்டிட்டாவ. அவளே அதைக் கேட்டுச் சிரிச்சாளாம். லேயாள் போன பெறவு அவ சிரிச்சது அந்த ஒரு தரம்தான்னு சொல்லுவாவ.

எல்லாருக்கும் பாடுனாளே, அவளுக்கு ஆறுதல் வந்துச்சா? வரல. வந்துச்சுன்னு சொன்னா நான் பொய் சொல்லுதேன்னு அர்த்தம். ஒவ்வொரு வீட்லயும் அவ உக்காந்தது லேயாள் பக்கத்துலதான். எத்தனை பேரு பக்கத்துல உக்காந்தாலும் அந்த ஒரு மத்தியானத்துக்கு அவளால திரும்பிப் போவ முடியுமா? முடியாது. அது அவளுக்கும் தெரியும். தெரிஞ்சும் போயிப் போயி உக்காந்தா.

அப்படியே இருவது வருஷம் போச்சு. உபதேசியார் மாசிலாமணிக்குத் தலை நரைச்சுட்டு. அந்த ஞாயித்துக்கிழமைக்குப் பெறவு அவரு இந்த ஊர்க் கோயில்ல அந்தப் பாட்டை எடுக்கவே இல்ல. ஆனா ஒண்ணு செஞ்சாரு. புதுப் பாட்டு சொல்லிக் குடுத்தா ஒரே நாள்ல முழுப் பாட்டையும் சொல்லிருவாரு. ஜனம் கலந்துகட்டிப் பாடுனாலும் பாடட்டும்னு விட்டுட்டாரு. பெறவு நெஞ்சுவலி வந்து படுத்தாரு. படுத்தவரு, "ஞானவடிவைக் கூப்பிடுங்க"ன்னாரு.

இவ நடந்து போனா. அதே தேரி. தலைமாட்டுல உக்காந்தா.

"வந்துட்டியாம்மா?"

"வந்துட்டேன் ஐயா."

"அன்னைக்கு உன்னை மூணு தரம் சொல்ல வச்சேன், ஞானவடிவு. இருவது வருஷமா நான் அதைத்தான் எண்ணிக்கிட்டுக் கெடக்கேன்."

"நீங்க சொல்லச் சொன்னீங்க. நானும் மூணு தரம் சொன்னேனே ஐயா. தப்பா இருந்தாலும் போதும்னு ஓடிருக்கலாம்லா?"

"ஒரு தரத்தோட விட்டிருந்தா பிள்ளை மூச்சோட இருந்திருப்பாளோ?"

"தெரியாது ஐயா."

"தெரியாதுல்ல?"

"நமக்குத் தெரியாது ஐயா. கடைசி வரைக்கும் தெரியாது."

பெறவு அவரு கேட்டாரு, "எனக்கு அந்தப் பாட்டைப் பாடுவியா? ரெண்டு வரியும் பாடும்மா. அந்த ரெண்டாவது வரியை உன் வாயால கேட்டுட்டுப் போயிருதேன்."

ஞானவடிவு முதல் வரியைப் பாடுனா. ரெண்டாவதுக்கு வாயைத் திறந்தா. அவளுக்குக் கோவம் இல்ல, வைராக்கியம் இல்ல. அவருக்குக் குடுக்கணும்னுதான் நினைச்சா. அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தா, வாயைத் திறந்தா. வரல. மறுபடியும் முதல்ல இருந்து பாடிக்கிட்டு வந்தா. 'நிற்கையிலே'ல வந்து நின்னுட்டு. மூணாவது தரமும் பார்த்தா. "வரமாட்டேங்குது ஐயா. நான் என்ன செய்ய? வரமாட்டேங்குது ஐயா"ன்னு அழுதா. லேயாள் செத்தன்னைக்கு அழாதவ அன்னைக்கு அழுதாளாம்.

உபதேசியார் அவ கையைத் தட்டிக் குடுத்தாரு. "விடு. வராட்டா விடு. முதல் வரியையே பாடு. எந்திரிச்சுப் போயிராத."

"போவ மாட்டேன் ஐயா."

மூணு நாளு இருந்தா. மூணாம் நாள் மத்தியானம் அவரு போனாரு.

பெறவு ஞானவடிவுக்கும் காலம் வந்துச்சு. அதுக்குள்ள இந்த ஊர்ல பள்ளிக்கூடம் வந்துட்டு, வீட்டுக்கு வீடு பாட்டுப் புஸ்தகம் வந்துட்டு. பாட்டு பூராவும் ஊருக்கே மனப்பாடம். அவ கெடக்கும்போது ஊரு முறை வச்சு உக்காந்துச்சு. நாலு பேரு எந்திரிச்சா நாலு பேரு உக்காருவாவ. ஒரு நேரமும் அவளை ஒத்தையில விடல. அவ கையை யாராவது ஒருத்தர் பிடிச்சிருக்கணும். எல்லாரும் பாடுனாவ, முதல் வரியை மட்டும். அடுத்த வரியைப் பாடணும்னு ஒருத்தருக்கும் தோணல. தோணியிருந்தாலும் வாய் வந்திருக்காது.

அது அப்படியே ஊர் வழக்கமாப் போச்சு. இன்னைக்கும் குட்டைப்பனை விளையில ஒரு ஆளு சாகக் கெடந்தா, அது எந்த வீடா இருந்தாலும், பகையாளி வீடா இருந்தாலும், முறை வச்சுத் தலைமாட்டுல ஆளு உக்காரும். ஒருத்தர் வந்து உக்காராம ஒருத்தர் எந்திரிக்கப்படாது. பாடுதது ஒத்த வரி. கல்லறையில மண்ணு தள்ளும்போதும் அதே ஒத்த வரி. அவ ஓடுன தேரித் தடத்துக்கு 'வரித்தடம்'னு பேரு. அந்தத் தடத்துல போறவங்க நின்னு இளைப்பாற மாட்டாவ.

கொஞ்ச வருஷத்துக்கு முந்தி பட்டணத்துல இருந்து நம்ம கோயிலுக்குப் புதுசா ஒரு ஐயர், அதான் போதகர், வந்தாரு. சின்ன வயசு, நல்ல சாரீரம். முதல் அடக்கம். ஜனம் குழியைச் சுத்தி நின்னு ஒத்த வரியைப் பாடிச்சு. பாடி நின்னுச்சு. ஐயர் காத்துப் பார்த்தாரு. ஜனம் மறந்துட்டு போலன்னு நினைச்சு, அடுத்த வரியை அவரே ஓங்கிப் பாடுனாரு. ஒருத்தரும் கூடச் சேரல. ஒத்தையில பாடி முடிச்சாரு. பெறவு பக்கத்துல நின்ன வேதமுத்துப் பெரியவர்கிட்ட மெதுவாக் கேட்டாரு.

"ஏன் பெரியவரே, உங்க ஊருக்கு அடுத்த வரி தெரியாதா?"

"தெரியும் ஐயா. நடக்குத பிள்ளையில இருந்து எல்லாருக்கும் தெரியும்."

"பின்னே ஏன் ஒருத்தரும் பாடல?"

வேதமுத்துப் பெரியவர் ஒரு கை மண்ணை எடுத்துக் குழிக்குள்ள போட்டுட்டுச் சொன்னாராம்:

"லேயாள் கேட்டன்னைக்கு இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியலியே ஐயா."